அமிர்தத்தின் முறை

தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு வந்த வைகாசியில்தான், மங்கலம் தன் பீரோவைக் காலி செய்ய உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் யார் சொல்லியும் அவள் அதைத் தொடவிட்டதில்லை.

முதுநகரில் அவர்கள் இருந்தது ஓட்டு வீடு. புயலில் பாதி ஓடு பறந்துவிட்டது. மகள் ஸ்ரீமதி சிதம்பரத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறாள். தன் வீட்டு மாடிப் போர்ஷனில் வந்து இருங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை, சுவரில் பதித்த ஒரு அலமாரி. அந்த அலமாரியில் ஒரு தட்டு அம்மாவுக்கு, ஒரு தட்டு அப்பாவுக்கு. பீரோ படியேறாது.

தாலுகா ஆபீசில் ரிடையராகும்வரை டைப் அடித்தவள் மங்கலம். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, கல்யாணம் காதுகுத்துக்கு வைத்துக்கொடுத்தது, தவணைக்காரன் வாசலில் விரித்துக் காட்டி மனசைக் கெடுத்துவிட்டுப் போனது என்று பீரோ கதவு மூடாத அளவுக்குப் புடவை.

"அம்மா, இத நீ கடைசியா எப்ப கட்டின?"

"உன் காதுகுத்துக்கு."

"அப்ப இது வேணாம். விட்டுடு."

"ஏன்டி, உனக்குக் காது இன்னும் இருக்குதுல்ல?"

வாசல்படியில் உட்கார்ந்திருந்த சபாபதி சிரித்தார். "எனக்கு நாலு வேட்டி, நாலு சட்ட. பையில போட்டுக்கினு ரெடியா உக்காந்திருக்கேன். உங்கம்மா புடவைக்குத் தனியா லாரி சொல்லணும்."

"அந்த நாலு வேட்டியையும் தொவச்சு மடிச்சு வைக்கறது யாரு? பேசாம இருங்க," என்றாள் மங்கலம்.

முதல் புடவையைத்தான் இரண்டு தரம் கொடுத்து இரண்டு தரமும் திரும்ப வாங்கி வைத்தாள். அப்புறம் கொடுக்கக் கொடுக்கக் கை லேசாகிவிட்டது. பட்டில் இரண்டை மகளுக்கு வைத்தாள். ஆபீஸ் புடவைகளைக் கூட வேலை பார்த்தவர்களுக்குப் பிரித்தாள். சாயங்காலத்துக்குள் அவளுக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை நாள் எதற்கு இந்த மூட்டையைச் சுமந்தோம் என்றுகூடத் தோன்றியது. உங்களுக்குத் தெரியாததா, உற்சாகத்தில் கை நீளும்போதுதான் நாம் தப்புச் செய்வது.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் வேலி ஓரமாக வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். மகள் ஜான்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"அக்கா, ஜான்சிக்கு மாசம் ஆயிடுச்சு. பழந்துணி இருந்தா குடுங்கக்கா. நல்லா வாழ்ந்தவுங்க கட்டின துணியில புள்ளைய வாங்கணும்."

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, பஞ்சாகிப் போன நூல் புடவைதான் வேண்டும். அதிலும் யார் வீட்டுத் துணி என்று பார்த்துத்தான் கேட்பார்கள். தன்னிடம் கேட்டதில் மங்கலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பீரோவின் அடித்தட்டில் இருந்த நைந்த புடவைகள், துண்டுகள், போர்வைகள் எல்லாவற்றையும் வாரி ஒரு மூட்டையாகக் கட்டச் சொன்னாள். அடியில் மடித்துத் திணித்திருந்த பழைய தலையணை உறை ஒன்று ஸ்ரீமதியின் கையில் வந்தது.

"இது?"

மங்கலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதயும் போட்டுடு. பழசுதான்."

அந்தத் தலையணை உறைக்குள்தான் அமிர்தத்தின் புடவை இருந்தது.

அமிர்தம் மங்கலத்தின் அக்காள். இரண்டு பெண்களும் தாவணியை விட்ட வயசில் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வெளிப்புடவை இருந்தது. கத்தரிப்பூ நிற நூல் புடவை, கடுகு மஞ்சள் கரை. வீட்டில் கட்டுவது அம்மாவின் கிழிசல். வெளியே போவதென்றால் அந்தப் புடவைதான். அதனால் ஒருத்தி போனால் ஒருத்தி வீட்டில். திருப்பாதிரிப்புலியூர் தேருக்கு அமிர்தம் போனால், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மங்கலம். சினிமாவுக்கு ஒருத்தி, கல்யாணத்துக்கு ஒருத்தி. "இன்னிக்கி யார் முறை?" என்பதுதான் அந்த வீட்டில் ஓயாத சண்டை.

ஆனால் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். போய்விட்டு வந்தவள் முதலில் புடவையை அவிழ்த்து மடிக்கக் கூடாது. அப்படியே உட்கார்ந்து, வீட்டில் இருந்தவளுக்கு ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். யார் யார் வந்தார்கள், யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பந்தியில் எந்தப் பாயசம், தேர் எந்தத் திருப்பத்தில் நின்றுபோனது எல்லாம். கதை முடிந்தால்தான் புடவையை மடிக்கலாம். அமிர்தம் சொன்னால் தேரின் வடமே கைக்கு வந்துவிடும். ஒருமுறை மங்கலம் வேலிக் கருவையில் மாட்டி முந்தானைப் பக்கம் கிழித்துக்கொண்டு வந்தபோது, அம்மாவுக்குத் தெரியாமல் ரவிக்கைத் துணியில் வட்டமாக வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்தவளும் அமிர்தம்தான். "இது ஒட்டுன்னு எவளாவது கேட்டா, பூன்னு சொல்லுடி."

பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். போகும்போது புடவையை விட்டுவிட்டுப் போனாள். "இனிமே எல்லா நாளும் உன் முறைதான்டி. அனுபவி." தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பட்டுப் புடவைகளைத் தள்ளிவிட்டு, உடம்புக்கு மெத்தென்று இருக்கும் என்று அந்தப் புடவையைத்தான் கேட்டாள். அந்த வலியிலும் அவளுக்கு விளையாட்டு. "இன்னிக்கி யார் முறைடி?"

"உன் முறைதான்கா. போய்ட்டு வந்து சொல்லு."

புடவை மட்டும் திரும்பி வந்தது. சொல்ல அவள் வரவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

பூவும் மஞ்சளுமாகப் போனவளை அந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். ஆடி வெள்ளியில் புதுப்புடவை வைத்துப் படையல் போட்டு, அடுத்த நாள் அதை வீட்டுப் பெண் கட்டிக்கொள்வாள். மங்கலத்தின் அம்மா இருந்தவரை அம்மா செய்தாள்; அப்புறம் மங்கலம் செய்தாள். ஒவ்வொரு வருஷமும் புதுப்புடவைக்கு அடியில் அந்தக் கத்தரிப்பூப் புடவையும் இருக்கும். படையல் முடிந்ததும் மறுபடி தகரப் பெட்டிக்குள் போகும். யாரும் கட்டியதில்லை.

புயலில் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. புடவையை அலசி, நிழலில் உலர்த்தினாள். பெட்டி துருப்பிடித்துவிட்டதால் வேறு இடம் வேண்டும். நல்ல துணியோடு வைத்தால் யாராவது கலைப்பார்கள் என்று, யாருமே சீண்டாத பழைய தலையணை உறைக்குள் போட்டு அடித்தட்டில் செருகினாள். அத்தனை பத்திரமாக வைத்ததை அவளே மறந்தாள்.

ஆடி பிறந்த பிறகு சிதம்பரத்தில் படையலுக்கு நாள் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. அலமாரியைத் திறந்தாள். முன்பானால் பீரோவைக் கலைத்துத் தேடுவதற்கே பொழுது போயிருக்கும். அதுவரைக்கும் ஒரு நம்பிக்கையாவது இருந்திருக்கும். இப்போது ஒரே தட்டில் ஒரு பார்வை பார்த்தால் போதும். இல்லை என்றால் இல்லைதான். அந்தத் தலையணை உறையையும் மூட்டையில் போடச் சொன்னது தானேதான் என்று மகளிடம் சொன்னாள்.

"போன் பண்ணி ஆரோக்கியம்மாகிட்ட கேளேம்மா," என்றாள் ஸ்ரீமதி.

"குடுத்தத எப்படிடி போன்ல திருப்பிக் கேப்பேன்? நேர்ல போறேன். புள்ளைய பாத்தமாதிரியும் இருக்கும்."

குழந்தைக்கு ஒரு சட்டை, மாற்றாகக் கொடுக்க மெத்தென்ற நூல் புடவை ஒன்று, இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு காலையில் கடலூர் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டி வழியெல்லாம் புயல் சாய்த்த மரங்களின் வேர்ப்பள்ளம். வெட்டிய அடிமரத்திலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர் கிளம்பியிருந்தது. அவள் கண் அதில் நிற்கவில்லை. துண்டு துண்டாகக் கிழித்திருப்பார்களோ, தரை துடைத்துத் தூக்கிப் போட்டிருப்பார்களோ என்ற ஒரே நினைப்பு. அக்காவின் முகம்கூட இப்போது அவளுக்குச் சரியாக ஞாபகம் வருவதில்லை. ஞாபகம் வருவதெல்லாம் அந்தப் புடவையில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்ன ஒருத்திதான். புடவையும் போனால் அவளும் போனாள்.

ஆரோக்கியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா! சிதம்பரத்துத் தண்ணி ஒத்துக்கல போல, எளச்சிட்டீங்களே. பொண்ணு பொறந்திருக்கா. பொறந்ததுலேர்ந்து எங்க யாரையும் தூங்க வுடல."

உள்ளே விட்டத்தில் கயிறு போட்டு ஏணை கட்டியிருந்தது. ஜான்சி கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தாள். மங்கலம் கிட்டே போனாள். வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறம். கடுகு மஞ்சள் கரை. குழந்தையின் முதுகுக்கு நேராக அடியில் வட்டமாக ஒரு ஒட்டு.

"இந்த ஏணையில போட்டாத்தான் தூங்குது பெரியம்மா," என்று ஜான்சி சிரித்தாள். "வேற துணியில போட்டா ஊரையே கூட்டுது. தலகாணி ஒறையில இருந்துச்சே, அந்தப் புடவ."

மங்கலம் அந்த ஒட்டை விரலால் தொட்டாள். ஆரோக்கியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னாக்கா? மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது? சொல்லுங்க."

சொன்னாள். தலையும் வாலும் இல்லாமல் அழுகையோடு சொன்னாள். அமிர்தம், ஆஸ்பத்திரி, ஆடிப் படையல், தலையணை உறை.

"ஐயோ மாதாவே!" ஆரோக்கியம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். "சாமி துணியாக்கா அது? நாங்க வேதக்காரங்கன்னாலும் பூவாடைக்காரி தெரியாதா எங்களுக்கு? இந்தப் புள்ள அதுல ஒண்ணுக்குப் போயி, ரெண்டுக்குப் போயி... ஜான்சி, தூக்குடி புள்ளைய!"

"தூங்குதும்மா..."

"தூக்குன்னா தூக்கு!"

முடிச்சை அவிழ்த்து, உதறி, புடவையை மங்கலத்தின் மடியில் வைத்தார்கள். அவள் கொண்டுவந்த நூல் புடவையில் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டார்கள். அது கண்ணை முழித்து, உதட்டைப் பிதுக்கி, வீறிட ஆரம்பித்தது. ஜான்சி ஆட்டினாள், ஆரோக்கியம்மாள் பாடினாள். நிற்கவில்லை. குழந்தையின் முகம் சிவந்து கன்றிவிட்டது.

மங்கலம் மடியில் கிடந்ததை முகர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கற்பூரமும் பூச்சி உருண்டையும் மணந்த துணி. இப்போது பால் வாசனை, மூத்திர வாசனை, வெயிலில் காய்ந்த சோப்பு வாசனை. மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்து அறுந்துபோக இருந்த இடமெல்லாம் குழந்தையின் கனத்தில் இளகி விரிந்திருந்தது. போய்விட்டு வந்து சொல்லு என்றுதானே அனுப்பினோம். சொல்வதற்கு முன்னால் மடித்தது யார்? நான்தானே மடித்துப் பெட்டியில் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுந்தாள். "புள்ளையத் தூக்கு ஜான்சி."

"பெரியம்மா?"

"தூக்குடி, தொண்ட கட்டிக்கப் போவுது."

தன் கையாலேயே பழைய புடவையை இரட்டையாக மடித்துக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டாள். ஒட்டு இருக்கும் பக்கம் அடியில் வரும்படி பார்த்துக்கொண்டாள். தொங்கிப் பார்ப்பதுபோல் இழுத்துப் பார்த்தாள்.

ஆரோக்கியம்மாள் கையைப் பிசைந்தாள். "வேணாங்கா. தீட்டுப் பட்டா சாமி கோச்சுக்கும்."

"எது தீட்டு? எங்கக்கா புள்ள பெக்கத்தான் போனா. புள்ள மூத்திரமா அவளுக்குத் தீட்டு? போடு புள்ளைய."

போட்டார்கள். இரண்டு விசும்பல், ஒரு கொட்டாவி. அடங்கிவிட்டது. மங்கலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கையால் சோற்றைப் பிசைந்து, ஒரு கையால் ஆட்டினாள். பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டாள். ஞானஸ்நானத்துக்கு அப்புறம்தான் என்றார்கள்.

"இவ வளந்து எழுந்து ஓடினப்புறம் திருப்பிக் குடுத்துடறோம்கா," என்றாள் ஆரோக்கியம்மாள்.

"அப்ப அதுல என்னா மிச்சம் இருக்கும்? கந்தலாப் போவும். போவட்டும். ஆனா இந்தக் குட்டி என்னா பண்ணுது, எப்ப சிரிக்குது, எப்ப குப்புறப் படுக்குது, எல்லாம் எனக்குப் போன் பண்ணி ஒண்ணு வுடாம சொல்லணும். ஒண்ணு வுடாம."

அவள் ஏன் அதை அத்தனை அழுத்திச் சொன்னாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. சரி என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்து மாடியில் படையல் போட்டார்கள். கொழுக்கட்டை, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, அமிர்தத்துக்குப் பிடித்த சேமியாப் பாயசம். புதுப்புடவையில் மஞ்சள் தடவி, பூ வைத்தார்கள். புடவைக்கு அடியில் வெறும் மணைதான் இருந்தது. சபாபதி தன் நாலு வேட்டியில் நல்லதைக் கட்டிக்கொண்டு வந்து கற்பூரம் ஏற்றினார்.

ஸ்ரீமதிக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, அந்தப் புடவைய வாங்கியாரத்தானே போன? எங்க அது?"

மங்கலம் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"உங்க பெரியம்மா கட்டிக்கினு வெளில போயிருக்கா. இது அவ முறை."

அப்போது அலமாரித் தட்டில் இருந்த செல்போன் அடித்தது. ஆரோக்கியம்மாள்தான். மங்கலம் படையல் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு," என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லு."