வோண்ட்ராக் கொதிகலன் வெளியேறிய விதம்

அன்று முற்றத்தில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற இஞ்சினியர் வோண்ட்ராக் ஆகிய நான், என் தங்கை எர்னா, இரண்டாம் மாடி ஸ்லாடெக் அம்மாள், வெப்ப பம்ப் பொருத்த வந்த ஸ்லாவ்கோ, பங்குத்தந்தை. மற்றவர்கள் கறுப்பு உடையில் வந்த அக்கம்பக்கத்தார். அவர்களை நான் அழைக்கவில்லை.

அழைத்தது ஓர் அறிவிப்பு. நிலவறையில் எண்ணெயில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை அகற்றிவிட்டு வெப்ப பம்ப் வைப்பதென்று வீட்டுக்காரர்கள் கூட்டம் முடிவு செய்துவிட்டது. அந்தக் கொதிகலனை வாங்கி வைத்தவர் என் அப்பா. அதன் கதவில் எங்கள் குடும்பப் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே வியன்னாவில் ஒரு மரணத்துக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். நீண்ட சேவைக்குப் பின் விடைபெறுகிறது என்று எழுதி, கறுப்புக் கரையிட்டு, வாசற்கதவில் ஒட்டினேன். அப்படி ஒரு தாளைப் பார்த்த பிறகு எங்கள் ஊரில் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். போனது யார் என்பதெல்லாம் அப்புறம்தான். மலர்வளையங்கள் வந்தன. பங்குத்தந்தை, சடங்குக்குப் பிறகு வேகவைத்த மாட்டிறைச்சிச் சாப்பாடு எந்த உணவகத்தில் என்று எர்னாவிடம் விசாரித்தார்.

ஸ்லாவ்கோ வெட்டும் கருவியோடு நிலவறைக்கு இறங்கப் போனார். வாசல் குறுகல், துண்டு போட்டுத்தான் எடுக்க முடியும் என்றார். நான் படியில் குறுக்கே நின்றேன். எங்கள் பெயரைத் தாங்கியது முழுதாக, முன்வாசல் வழியாகப் போகும், இல்லையென்றால் போகாது என்றேன். வாசலை இடிக்கலாமா என்றும் கேட்டேன். புராதனக் கட்டடம், ஆணியைக்கூடத் தொட முடியாதாம். கறுப்பு உடைக் கூட்டம் என் பக்கம் நின்றது. துண்டுகளுக்கெல்லாம் தொப்பியைக் கழற்ற முடியாது என்று பூக்கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஸ்லாடெக் அம்மாள் குளிரில் பொறுமை இழந்தார்.

"முன்வாசல் முன்வாசல்னு நிக்கிறீங்களே இஞ்சினியர் சார், உங்க அப்பாவே அந்த வழியாப் போகலையே. சவப்பெட்டி மாடிப்படியில திரும்பலன்னு ஜன்னல் வழியாத்தானே இறக்கினாங்க?"

எர்னா என் கையைப் பிடித்தாள்.

"நெஜந்தானேண்ணா. ஆனா அப்பா முழுசாப் போனாரு."

யோசித்தேன். அப்பாவுக்குத் தகுந்த மரியாதை அவருடைய கொதிகலனுக்கும் போதும். அதற்கு மேல் கேட்டால் அப்பாவைச் சிறுமைப்படுத்தியதாகிவிடும். புதிய பம்ப்பைக் கூரைக்கு மேலாக முற்றத்தில் இறக்கவென்று தெருவில் ஒரு கிரேன் நின்றிருந்தது. அதைக் காட்டி ஸ்லாவ்கோவிடம் கேட்டேன்.

"தூக்கலாம் சார். அந்தக் காலத்துல நிலவறைக்கு நிலக்கரி கொட்டின வழி அகலம்தான், அதுல முற்றத்துக்கு வந்துரும். இத முதல்லயே கேட்டிருந்தா இந்நேரம் எல்லாரும் சாப்பிட்டிருக்கலாம்."

கொதிகலன் மலர்வளையங்களோடு கூரைக்கு மேல் எழும்பியது. இதற்கென்று தனி ஜெபம் இல்லாததால் பங்குத்தந்தை பிரயாணிகளுக்கானதைச் சொன்னார். தொப்பிகள் கழன்றன. பம்ப் தன் முறைக்காகத் தெருவில் காத்திருந்தது. யாரோ ஒருவர் அதைத் தட்டிக்கொடுத்து அனுதாபம் சொன்னார்.

கொதிகலன் துண்டு துண்டாகப் போனதாகக் காபிக் கடைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. முழுதாகப் போனது.