படிக்கிற புள்ள ஓடலாமா?

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீடுகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை யாரும் வேலை ஏவுவதில்லை. பாக்கியலெட்சுமி அதிலும் ஒருபடி மேல். மகள் தனுஜாவைப் பீலியில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கக்கூட விடமாட்டாள். அசையாமல் உட்கார்ந்தால்தான் படிப்பு மண்டையில் ஏறும் என்பது அவள் கட்சி. சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை ஏற்கெனவே ஒருமுறை கணக்கில் கோட்டைவிட்டிருந்தாள். இந்த முறையும் போனால் கொழும்புத் துணிக்கடையில் சேர்த்துவிட மாமன் தயாராக நின்றான்.

தனுஜாவும் விடிந்ததிலிருந்து பிடித்து வைத்த பிள்ளையாராகத்தான் இருந்தாள். ஆனாலும் ஒரே கணக்குக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது.

ஒரு சனிக்கிழமை கொழுந்து பறிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாக்கியலெட்சுமி மழைக்குப் போர்த்தும் பொலித்தீனை வீட்டிலேயே மறந்திருந்தாள். பார்த்தால், அதைத் தூக்கிக்கொண்டு மகள் மேட்டில் ஓடி வருகிறாள்!

"படிக்கிற புள்ளைக்கு இது தேவையாடி?" என்று பாய்ந்தாள். திட்டை வாங்கிக்கொண்டு தனுஜா வந்த வேகத்திலேயே இறங்கி ஓடினாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் முகமே தெளிந்திருந்தது.

"அம்மா, காலையில வராத கணக்கெல்லாம் இப்ப வந்துருச்சு."

"மழையில நனஞ்சா கணக்கு வருமா?"

"நனஞ்சதுல இல்லம்மா, ஓடுனதுல. கொஞ்ச நேரம் மூச்சு வாங்க ஓடுனா மூளைக்கு ரத்தம் நல்லா போகுமாம். அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்குக் கவனம் செதறாதாம். விஞ்ஞான டீச்சர் அப்பவே சொன்னாங்க. நீதான் எந்திரிக்கவே விடல."

பாக்கியலெட்சுமிக்குச் சுருக்கென்றது. நல்லது செய்வதாக நினைத்துப் பிள்ளையைக் கட்டிப்போட்டுவிட்டோமே என்று நொந்துபோனாள். மறுநாள் அவளே, "பீலி வரைக்கும் ஓடிட்டு வந்து படி" என்றாள். லயமே சிரித்தது. எல்லாக் கணக்கும் வந்துவிடவில்லை. ஆனால் விடைகள் ஒத்துவரத் தொடங்கின.

பரீட்சை பசறை டவுனில். அன்று முதல் நாள். பஸ் நெரிசலில் நசுங்கி வந்திறங்கிய தனுஜா, மண்டப வாசலில் வெளிறிப்போய் நின்றாள்.

"எல்லாம் மறந்துபோச்சும்மா."

சுற்றிலும் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்கியலெட்சுமி யாரையும் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினாள், மகளின் கையைப் பிடித்தாள்.

"வா, ஓடுவோம்."

அத்தனை பேர் பார்க்கத் தாயும் மகளும் மேட்டு ரோட்டில் ஓடினார்கள். திரும்பி வரும்போது தனுஜாவுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"வருதும்மா, எல்லாம் வருது" என்றபடி உள்ளே போனாள்.

பக்கத்தில் நின்ற ஒரு தாய் மெல்லக் கேட்டாள்: "ஏங்க்கா, புள்ளைக்கு என்னமும் கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்ல" என்றாள் பாக்கியலெட்சுமி, இரைக்க இரைக்க. "நாளைக்கு ஒங்க புள்ளையையும் கூட்டியாங்க. சேர்ந்தே ஓடுவோம்."