புதுப் பிரிவில் தார் உறைந்த நாள்

சுத்திகரிப்பு ஆலையில் எல்லோருக்கும் அவள் பேனல் அக்கா. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து எண்ணெயை ஓடவிடுவது அவள் வேலை. அவள் புருஷன் அங்கேயே ஒப்பந்தத்துக்கு இரும்பு அறுப்பவன். அவனுக்குக் கட்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

கச்சா எண்ணெயை வடித்தபின் மிஞ்சும் தாரை அதுவரை குழியில்தான் கொட்டினார்கள். ஆலையை நவீனமாக்கி, அந்தத் தாரையும் டீசலாக்கப் புதுப் பிரிவு கட்டினார்கள். ஊருக்கே உச்சி குளிர்ந்துபோயிற்று. வெளியூரில் பிழைத்த தம்பியைக்கூட அவள், "வந்துடுடா, இங்கேயே வேலை இருக்கு" என்று வரவழைத்துவிட்டாள்.

திறப்பு விழாவில் துருப்பிடித்த எதுவும் கண்ணில் படக்கூடாது என்றார் மேலாளர். பழைய நீராவிக் கொதிகலனை அறுக்கும் வேலை கட்டருக்கு வந்தது.

"நல்லா ஓடிட்டிருக்கே இது. கை வைக்கவே மனசு வரல" என்றான்.

"அந்த ஓட்டை உடைசலைக் கட்டிட்டு அழப்போறீங்களா? சீக்கிரம் முடிங்க. புது கொதிகலன்தான் வந்தாச்சே" என்றாள் அவள்.

அறுத்துப்போட்டான். விழா அமர்க்களமாக நடந்தது. புதுப் பிரிவு ஓடியது. அவள் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், காற்றும் மழையுமாய் அடித்ததில் ஊர் மின்சாரம் போயிற்று. பம்புகள் நின்றன. புதுப் பிரிவுக்கென்று வாங்கிய அவசர ஜெனரேட்டர் இன்னும் துறைமுகத்திலேயே கிடந்தது. புதுக் கொதிகலனுக்கும் மின்சாரம் வேண்டும். பழையது அப்படியில்லை, தன் நீராவியிலேயே தன் பம்பை ஓட்டிக்கொள்ளும்.

குழாய்களிலும் உலைகளிலும் சூடான தார் அசையாமல் நின்றது. நீராவி கொடுத்திருந்தால் இறுகாமல் இருந்திருக்கும். பேட்டரியில் உயிரோடிருந்த திரையில் வெப்பம் மளமளவென்று இறங்குவதை அவள் பார்த்தாள். மேலாளர் ஒவ்வொருவராக போனில் அழைத்துத் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டு, "அவ்வளவுதான்மா" என்றார்.

மறுநாள் மின்சாரம் வந்தபோது குழாய்க்குள் தார் கல்லாகியிருந்தது. வந்து பார்த்த வெளிநாட்டு எஞ்சினியர்கள், பிரித்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்று கைவிரித்துவிட்டுப் போனார்கள். முன்போலவே டீசல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. பழைய குழியை விழாவுக்கு முன்பே மூடிவிட்டதால், தார் போக வழியில்லாமல் மீதி ஆலையும் நின்றது. பாதிக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தம்பி அவள் முகத்தைப் பார்க்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

கட்டர் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"என் கையாலதானே அறுத்தேன்" என்றான்.

"நான்தானே அவசரப்படுத்தினேன்."

"நீ சொல்லலைன்னாலும் அறுத்திருப்பேன். கூலி வேணுமே."

ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அது இன்னும் வலித்தது.

மூவரில் அவளை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். திரைகள் இருக்கும்வரை யாராவது பார்க்க வேண்டுமாம். ஷிப்டுக்குப் போய் உட்கார்ந்தாள். வெளியில் என்ன வெப்பமோ, அதுவே எல்லாக் குழாயிலும் காட்டியது. அதையும் ஒரு மணிக்கொருதரம் எழுதி வைத்தாள்.