ஆணியில் தொங்கிய சாவி

எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் ஒரு சட்டம் உண்டு. கலவை இயந்திரத்துக்குள் இறங்கிச் சுரண்டுகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரரும் பூட்டுவார். ஆனால் சாவியைச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவார். சட்டைப் பையில் இருந்தால் சோப்புக் குழம்பில் விழுந்துவிடுமாம். அவர் மட்டுமா, எல்லா மகராசன்களும் அப்படித்தான்.

"அப்புறம் எதுக்குப் பூட்டு? அழகுக்கா?" என்று சண்டை போட்டேன்.

"நீ பெட்டி மடிக்கிற வேலையைப் பாரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டையே கொண்டுவந்தேன். அவர் இறங்கியதும் அவர் பூட்டுக்குப் பக்கத்தில் அதையும் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"புருஷனைப் பூட்டி வச்சுட்டா!" என்று பெட்டி மடிக்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாப்பாட்டு வேளை வந்தது. பாதி வேலையில் ஏறுகிற ஆள் இல்லை இவர். போர்மேன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இவர் சாப்பிடப் போயிருப்பார் என்று எட்டிக்கூடப் பார்க்காமல், இயந்திரத்தை ஓட்டுவதற்காக ஆணியிலிருந்த சாவியால் இவர் பூட்டைத் திறந்துவிட்டார். என் பூட்டு அசையவில்லை.

"இது யாரு பூட்டுடா? கட்டர் கொண்டா!"

ஓடிப்போய்ச் சுவிட்சை மறைத்து நின்றேன். "என்னோடதுங்க. உள்ள ஆள் இருக்கு."

"அவன் அப்பவே ஏறிட்டான்மா. நகரு, லாரி நிக்குது."

"நீங்க பார்த்தீங்களா?"

கட்டர் வந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து இயந்திரத்தின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

"எவன்டா அது? காது கிழியுது!" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

போர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. கட்டர் அவர் கையிலிருந்து நழுவியது. பெட்டி மடிக்கிற பெண்கள் போட்ட கூச்சலில் கூரை பறந்திருக்கும். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். போர்மேனே சுத்தியல் எடுத்துவந்து அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தார்.

நுரையும் வேர்வையுமாக ஏறி வந்த மனுஷன், திறந்து கிடந்த தன் பூட்டையும் திறக்காத என் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி, வீட்டைத் திறந்து போட்டுட்டா வந்தே?"

"அங்க தூக்கிட்டுப் போக என்ன இருக்கு? போனா திரும்பி வராதது இங்கதானே இருந்துச்சு."