ஏழாம் படுக்கையின் மூன்று பேர்

அன்று காலை எலும்பு முறிவு வார்டில் அந்தப் பேச்சு நடந்தபோது இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த என் தம்பி, என் மூத்த மருமகள், வார்டின் தலைமை நர்ஸ், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். வேறு யாராவது நேரில் கேட்டதாகச் சொன்னால், அவர்கள் கேட்கவில்லை.

மருமகளுக்கு அங்கே தொற்றுக் கண்காணிப்பு வேலை. எந்த வார்டில் எத்தனை பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தினமும் பார்ப்பாள். இரண்டு நாளுக்குள் இரண்டு பேருக்கு வந்தாலே வேகமாகப் பரவும் நோரோவைரஸ் கிருமி என்று சந்தேகிக்க வேண்டும். அந்த வார்டில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. தம்பிக்கு வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. வாந்தி பிடித்தால் தள்ளிப்போகும்.

"இன்னைக்கே வார்டை மூடணும் சார்," என்றாள் மருமகள்.

கண்காணிப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். "ஒரே ஆள்தானேம்மா? ஏழாம் படுக்கை. மூணு நாளா வாந்தி எடுக்கிறார். சாப்பாடு ஒத்துக்கல போல."

"ஒரு ஆள் இல்ல சார். மூணு ஆள்."

விஷயம் இதுதான். ஏழாம் படுக்கை கழிப்பறையை ஒட்டியது. யாருக்கு வாந்தி வந்தாலும் அவரை அங்கே மாற்றுவார்கள். அதுவரை அங்கிருந்தவர், புதிதாக வந்தவருடைய பழைய கட்டிலுக்குப் போவார். பதிவேட்டில் பெயர் கிடையாது, படுக்கை எண் மட்டும். வார்டே குடல் புரள வாந்தி எடுத்தாலும் காகிதத்தில் ஏழாம் படுக்கை மட்டுமே எடுக்கும்.

"பாவம், அந்தக் கட்டிலுக்கு ஒரு மாத்திரை குடுங்க," என்றான் தம்பி.

தலைமை நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவங்க சௌகரியத்துக்குத்தானே மாத்தறோம்? இருபது வருஷமா இப்படித்தான்."

கண்காணிப்பாளர் பதிவேட்டை மூடினார். "உங்க சின்ன மாமனார் இங்க படுத்திருக்கார். அதான் பதறுறீங்க. வீட்டுக் கவலைய வேலையில கலக்காதீங்கம்மா."

நான் எழுந்தேன். "எங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணை மூணுன்னு சொல்ல மாட்டா. அந்த மூணு பேரும் இங்கதான் இருக்காங்க. போய்க் கேளுங்க!"

"மாமா, நீங்க உக்காருங்க," என்றாள் அவள். அதிலும் எனக்குக் கோபம்.

"பரிசோதனை முடிவு வரட்டும்," என்று சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளர் நடந்தார். நாலு எட்டு வைத்தால் அந்த மூவரின் கட்டில்கள். அவர் வைக்கவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதினால் ஊதியவனுக்காவது சத்தம் கேட்கும். அன்று எங்களுக்கு அதுவும் இல்லை.

முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று. நோரோவைரஸ்தான். அதற்குள் அந்த வார்டில் பதினோரு பேர். எட்டாவது ஆள் என் தம்பி. அவனையும் முறைப்படி ஏழாம் படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சை பத்து நாள் தள்ளிப்போனது. வார்டு வாசலில், நிர்வாகம் விரைந்து நடவடிக்கை எடுத்ததாக ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். விரைந்தவர் யார் என்று எழுதவில்லை. மருமகளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருமகளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அனுப்பவில்லை. தம்பியைக் கவனித்ததில் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. வாந்தி நின்று இரண்டு நாள் ஆகும்வரை ஊழியர்கள் வேலைக்கு வரக் கூடாது என்பது விதி. நேற்றுக் காலை நின்றது. நாளை போகிறாள்.