சாத்தப்பன் சாரைப் பிரித்த நாள்

சாத்தப்பன் சாரை இரண்டாகப் பிரிக்கும் வேலை திங்கட்கிழமை காலை எனக்கு வந்தது. கேட்டு வாங்கிய வேலைதான். வேறு யாரும் கை தூக்கவில்லை.

எங்கள் கம்பெனி மின்னஞ்சல் குழுக்களை நடத்துகிறது. ஒருவர் எழுதினால் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் போகும். ஒரு பிரதி காப்பகத்தில் தங்கும். இதையெல்லாம் செய்யும் மென்பொருள் சாத்தப்பன் சார். மூன்றாவது மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வரும் ஒவ்வொரு அஞ்சலையும் முகர்ந்து பார்ப்பார். நல்லது என்று பட்டால் வலப்பக்கத்து பீரோவில் வைப்பார். அதுதான் காப்பகம். குப்பை என்று பட்டால் இடப்பக்கத்துக் கூடையில் போடுவார். திங்கட்கிழமைதோறும் மதியம் லாரி வந்து கூடையை அள்ளிக்கொண்டு போகும். அவரை எழுதிய காலத்தில் இரண்டு நாற்காலி போட இடம் இல்லை, அதனால் இரண்டு வேலையும் ஒருவருக்கே என்கிறார்கள்.

பீரோவில் இருப்பது நடந்தது. கூடையில் விழுந்தது நடக்கவில்லை; அதை எழுதியவரும் இல்லை. இதில் யாருக்கும் புகார் இருந்ததில்லை. என் மனைவி வேதநாயகி கூடையில் விழும் வரை எனக்கும் இருந்ததில்லை.

அவள் எங்கள் அடுக்குமாடிக் குழுவுக்கு ஓர் அஞ்சல் எழுதினாள். வீட்டில் கறிவேப்பிலைக் கன்றுகள் இருக்கின்றன, இலவசம், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. கறிவேப்பிலைக்கு யாராவது காசு கேட்பார்களா? ஆனால் இலவசம் என்ற சொல் சாத்தப்பன் சாருக்கு நாறும். கூடையில் போட்டுவிட்டார்.

முதலில் அவள் குரல் போனது. வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிலிண்டர் கொண்டுவந்த ஆள் அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, "வீட்ல யாருமே இல்லையா சார்?" என்று எனக்குப் போன் செய்தார். அந்தத் திங்கட்கிழமை காலை சமையலறையிலிருந்து காப்பியும் அதைப் பிடித்திருந்த விரல்களும் மட்டும் வந்தன. காப்பியை வாங்கிக்கொண்டேன். லாரி வருவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று விரல்களிடம் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை விடப் பிடிவாதம் அதிகமாக இருந்தது.

கூடை நிறைய நிறைய வராந்தா நீளும். அன்று மிகவும் நீண்டிருந்தது. பாதி வழியில் ஒருவர் டீக்கடை போட்டிருந்தார். நிற்க நேரமில்லை. நடந்துகொண்டே குடித்தேன்.

சுவரில் லிஃப்ட் திறந்தது. உள்ளே என் மேலாளர் ஜெசிந்தா மேடம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்டடத்தில் நீளாத இடம் லிஃப்ட் மட்டும்தான் என்று அவர் அங்கேயே குடியேறிவிட்டார்.

"பிரிச்சாச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல மேடம். எந்த இடத்துல பிரிக்கணும்?"

"எங்க ஒட்டியிருக்கோ, அங்க."

"எங்க ஒட்டியிருக்கு?"

"அது தெரிஞ்சா நானே பிரிச்சிருப்பேனே." லிஃப்ட் மூடிக்கொண்டது.

சாத்தப்பன் சார் ஓர் அஞ்சலை மூக்கருகே வைத்திருந்தார். அதைப் பீரோவில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை.

"சார், உங்களைப் பிரிக்க வந்திருக்கேன்."

"சாப்பாட்டுக்கு அப்புறம் பிரிக்கலாமே தம்பி."

"லாரி வந்துடும் சார்."

"எதுக்குப் பிரிக்கணும்? நல்லாத்தானே ஓடிட்டிருக்கு."

"மோந்து பாக்கறது ஒரு வேலை. பத்திரமா வைக்கறது வேற வேலை சார்."

"மோந்து பாக்காம எப்படி வைக்கறது?"

"முதல்ல வைங்க. அப்புறம் மோந்து பாருங்க. நாறினா மேல ஒரு சீட்டு ஒட்டுங்க. படிக்கறவங்க படிக்கட்டும், வேண்டாதவங்க விடட்டும். தூக்கி மட்டும் போடாதீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "நல்ல வாசனை எதுன்னு எனக்கு எப்படித் தெரியுது? பீரோவைத் திறந்து மோந்து பாப்பேன். அதுல இருக்கற மாதிரியே இருந்தா நல்லது."

"பீரோவுல இருக்கறதெல்லாம் எப்படி வந்துச்சு?"

"நான் நல்லதுன்னு வெச்சது."

"தப்பா ஒண்ணைக் கூடையில போட்டிருந்தா?"

"தப்பா எதையும் போட்டதே இல்ல. வேணும்னா பீரோவுல தேடிப் பாருங்க."

தேடிப் பார்த்தேன். உண்மைதான். அவர் தப்பாகத் தூக்கிப் போட்ட ஓர் அஞ்சல்கூடப் பீரோவில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பீரோவை உதைத்தேன். கால்தான் வலித்தது.

கீழே லாரியின் ஹாரன் கேட்டது. அவர் ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடத் தொடங்கினேன். தலையில் வகிடு இல்லை. நெற்றியில் கோடு இல்லை. கழுத்தில் தையல் இல்லை. கடைசியில் சட்டைப் பொத்தான்களில் இருந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசிப் பொத்தான் கழன்றதும் சாத்தப்பன் சாரும் கழன்றார். ரத்தம் எதுவும் வரவில்லை. டிபன் கேரியரைத் திறப்பது போல ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது.

மூக்கும் கண்ணாடியும் ஒருவருக்குப் போயின. கைகளும் பீரோச் சாவியும் மற்றவருக்குப் போயின. இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். மூக்கு சார் மதியச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்து, "தயிர் சாதம் கெட்டுப்போச்சு" என்றார். கை சார் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்துப் பீரோவில் வைத்தார். வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

"சார், கூடையில என் மனைவியோட அஞ்சல் இருக்கு. அதை மட்டும் எடுத்து வைங்க," என்றேன் கை சாரிடம்.

"அதை மட்டும்னா?"

"அது நல்லது. மத்ததெல்லாம் குப்பை."

"எது நல்லது, எது குப்பைன்னு எனக்குத் தெரியாதே தம்பி. இப்பத்தானே பிரிச்சீங்க."

"எனக்குத் தெரியும்," என்றார் மூக்கு சார். "அது குப்பை."

லாரி பின்பக்கமாக வராந்தாவுக்குள் வந்துகொண்டிருந்தது. கூடையை எட்டிப் பார்த்தேன். லாட்டரிப் பரிசுகள், உடனடிக் கடன்கள், தொப்பை குறைக்கும் பெல்ட்டுகள், சொத்தில் பங்கு தருவதாகச் சொல்லும், அப்பா இறந்துபோன இளவரசர்கள். பீரோவுக்குள் போனால் இவை எல்லாம் நடந்தவை ஆகிவிடும். ஆகட்டும் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் வைங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அவர் வைத்தார். நானும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். மூக்கு சார் பின்னாலேயே வந்து மூக்காலேயே சீட்டு ஒட்டினார். லாரிக்காரர்கள் காலிக் கூடையைப் பார்த்து, "இதுக்காடா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பேசிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் திறந்தது.

"பீரோவுல இடம் பத்துதா?" என்றார் ஜெசிந்தா மேடம்.

"பத்தலை மேடம்."

"சரி." மூடிக்கொண்டது.

கூடை காலியானதால் வராந்தா சுருங்கியது. மிகவும் சுருங்கிவிட்டது. அதன் மறுமுனையில் என் வீட்டு வாசல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

கூடம் நிறைய ஆட்கள். சோபாவில் ஓர் இளவரசர் மடியில் பெட்டியோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கடன் கொடுப்பவர்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். பெல்ட் கட்டிய ஒருவர் இளைத்துக்கொண்டே இருந்தார். எல்லார் நெற்றியிலும் 'குப்பையாக இருக்கலாம்' என்று ஒரு சீட்டு. சமையலறை வாசலில் வேதநாயகி முழுதாக நின்றாள். அவள் நெற்றியிலும் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. ஒட்டுவது மூக்கு சாரின் வேலை.

"என்னங்க இது? யாரு இவங்கெல்லாம்?"

"உன்கூட வந்தவங்க."

"என்கூடவா? நான் எங்க போனேன்? காலைலேர்ந்து இங்கயேதான் நின்னு கத்திட்டிருக்கேன். திரும்பிக்கூடப் பாக்காம ஆபீஸ் போறீங்க!"

எனக்கு அழுகை வந்தது. அதற்கும் திட்டினாள். மாவு இத்தனை பேருக்கு வராது என்றாள். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா என்றாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. இளவரசர் அழுவதை நிறுத்திவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது. மேல் வீட்டு நமச்சிவாயம் சார் கைலியோடு நின்றிருந்தார்.

"உங்க வீட்டம்மா சத்தம் மேல வரைக்கும் கேக்குது. கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க சார்."

அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"யாரு சத்தம் சார்?"

"உங்க வீட்டம்மா சத்தம்தான்."

"கேக்குதா?"

"நல்லாவே கேக்குது."

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.