கொண்டை ஊசி படாத தட்டு

"அந்தக் கத்தல் யாரோடதும்மா?" என்று கேட்டான் இங்கிலாந்திலிருந்து வந்த கிளைவ்.

"என்னோடது" என்றாள் லவோனியா.

"என்னோடது" என்றாள் அவள் தங்கை அர்சூலா.

நான் குனிந்து கெளுத்தி மீனில் முள் தேடினேன். முள்ளே கிடையாது, காலையில் எல்லாவற்றையும் நான்தான் எடுத்திருந்தேன். ஆனால் குனிய ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் கத்தல் என்னுடையது.

மெம்பிஸில் எங்கள் ஒலிவக்கிளை சபைக்கு மறுநாள் ஆண்டுவிழா. சனிக்கிழமை மத்தியானம் ஹாலில் மீன் பொரிப்பு. அந்த நேரத்தில்தான் கிளைவ் தோளில் ஒரு பையோடு உள்ளே வந்து, எங்கள் பழைய இசைத்தட்டைச் சோள ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். 1971இல் நாங்கள் போட்ட தட்டு. மொத்தம் முந்நூறு. லவோனியாவும் அர்சூலாவும் பாட, பின்னால் நான் டாம்பரின் தட்டினேன். லேபிளில் அவர்கள் இரண்டு பேர் பெயர் இருக்கும். என் பெயர் இருக்காது.

"தம்பி, நீ எந்த சபை?" என்றாள் லவோனியா.

"சபைக்குப் போற பழக்கம் இல்லம்மா."

"அப்புறம் கர்த்தரோட பாட்டு உனக்கெதுக்கு?"

"ஆடறதுக்கு."

லவோனியாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"கேட்டுக்கோ ஓசெல்லா" என்று அர்சூலா என் இடுப்பில் இடித்தாள். "சின்ன வயசுல நான் ஆடினேன்னு எங்க ரெண்டு பேரையும் மூணு மாசம் பாடவே விடல. இவரு கடல் தாண்டி வந்து ஆடறதுக்குன்னு சொல்றாரு, தட்டுல மீன் வைக்கறோம்."

கிளைவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் இருபத்தஞ்சு வருஷமா சோல் பாட்டு ரெக்கார்டு சேர்க்கறவன்மா. காதல் பாட்டு, பிரிவுப் பாட்டு. ஒரு நாள் உறைச்சுது, அதைப் பாடினவங்க எல்லாரும் உங்க மாதிரி சபையில கத்துக்கிட்டுப் போனவங்க. ஆத்துத் தண்ணியையே குடிச்சிட்டிருந்தவன், ஊத்து எங்கேன்னு தேடி வந்துட்டேன். அங்க 'நீ இல்லேன்னா செத்துடுவேன்'னு பாடுவாங்க, அதுல பாதி நடிப்பு. உங்க தட்டு கடைசியில ஒரு கத்தல் வருது பாருங்க, அதுல துளி நடிப்பு இல்ல."

அது உண்மைதான். மீனை இன்னும் நெருங்கிக் குனிந்தேன்.

அந்தப் பாட்டு பைபிளின் சங்கீத புத்தகத்திலிருந்து எடுத்தது. 'என் கால்களைக் கன்மலையின்மேல் நிறுத்தினீர்' என்ற வசனம். லவோனியா மெட்டுப் போட்டாள், அர்சூலா அதை வேகப்படுத்தினாள். டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் பதிவு. பாஸ் கிட்டார் வாசித்த ருஃபஸ் தன் ஸ்பீக்கர் பெட்டியை ஒரு நாற்காலியில் ஏற்றி வைத்திருந்தான். டிரம்ஸ் அடித்த அடியில் அந்தப் பெட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கடைசிச் சுற்றில் என் இடது கால் பெருவிரலில் இறங்கியது.

அக்காவும் தங்கையும் கண்ணை மூடிப் பரவசத்தில் இருந்தார்கள். ருஃபஸ் மட்டும் பார்த்தான்; ஓசைப்படாமல் பெட்டியைத் தூக்கினான். பாட்டு முடிந்ததும் பதிவு செய்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அந்தக் கத்தல் யாரு? அருமை!" என்றார். இரண்டு பேரும் கை தூக்கினார்கள். நான் நொண்டிக்கொண்டே, "ஷூ கடிக்குது" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் முதலிலிருந்து பாடியிருக்க வேண்டும். தவிர, பாட்டுக்குழுவில் என்னைச் சேர்த்தபோது, "நீ வாயை மட்டும் அசை சிஸ்டர், சத்தம் வேண்டாம்" என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார்கள்.

தட்டு வந்ததும், நாங்கள் யாரும் போட்டுக் கேட்பதற்கு முன்பே, எங்கள் போதகர் டாலிவர் முதல் பக்கத்தைக் கேட்டார். மெதுவான பாட்டு, தலையாட்டினார். பின்பக்கத்தைக் கேட்டார். "இது நடனக் கொட்டகைச் சத்தம். பின்பக்கத்தைக் கீறிட்டு வித்துக்கோங்க. அந்தக் கத்தல் மேல ரெண்டு கீறல் அதிகமாப் போடுங்க" என்றார். இதே ஹாலில், இதே மேசையில் உட்கார்ந்து, அவரவர் கொண்டையிலிருந்து ஊசியை உருவி எடுத்து, கட்டுக் கட்டாகக் கீறினோம். லவோனியா அழுதுகொண்டே கீறினாள். தட்டால் பேர் வாங்கும் ஆசைக்கு அப்புறம் வேறு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் சபைமுன் எழுந்து, "அந்தப் பாட்டில் பரிசுத்த ஆவியானவர் என்மேல் இறங்கினார், அதனால்தான் கத்தினேன்" என்று சாட்சி சொல்வாள். அர்சூலா அதே சாட்சியை, தன் பெயருக்கு, புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்வாள். இருபத்து மூன்று வருஷமாக.

கிளைவ் ஞாயிறு பள்ளி கிராமபோனில் தன் தட்டைப் போட்டான். கடைசி இடத்துக்கு வந்ததும் முள் துள்ளியது.

"என் கா—" டக். "என் கா—" டக்.

"எங்க ஊர்ல இந்த இடம் வந்தா முழு ஹாலும் இடது காலைத் தூக்கி ஓங்கி மிதிக்கும்" என்றான்.

"ஏன் இடது?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"தெரியலம்மா. அப்படித்தான் வருது."

என் பெருவிரல் ஷூவுக்குள் சுருண்டது.

"இந்தப் பாட்டைத் திரும்ப வெளியிடப் போறோம். கீறாத தட்டு ஒண்ணு கிடைச்சா நல்லது. கிடைக்காட்டியும், அட்டையில கத்தினவங்க பேரைப் போட்டே ஆகணும்."

"எழுதிக்கோ. லவோனியா பெட்வே."

"அக்கா, உன் தொண்டை அவ்வளவு உசரம் ஏறவே ஏறாது. ஏணி வெச்சாலும் ஏறாது."

"ஏறாதா? உனக்கு மூக்காலதான் வரும்!"

"மூக்காலயோ காதாலயோ, வந்தது எனக்கு."

"அப்படியா? அட்டையில உன் பேர் வந்துச்சுன்னா நாளைக்கு ஆண்டுவிழாவுல நீ தனியாப் பாடு."

"பாடறேன். இனிமே எப்பவுமே தனியாத்தான் பாடுவேன்."

ஐந்து வயதிலிருந்து அந்த இரண்டு பேரும் தனித்தனியாகப் பாடி யாரும் கேட்டதில்லை. நான் வாயைத் திறந்தால் இரண்டு பேருடைய சாட்சியும் காற்றில் போகும். செத்துப்போன போதகரை ஏமாற்றியவள் என்ற பெயர் எனக்கு வரும். திறக்காவிட்டால், நாளைக்கு யாருக்குப் பின்னால் நின்று டாம்பரின் தட்டுவது?

"மிளகாய் சாஸ் தீர்ந்துடுச்சு, வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன்.

வீடு இரண்டு தெரு தள்ளி. அலமாரி மேல்தட்டில் என் ஈஸ்டர் தொப்பியின் பெட்டி. ஊதாத் தொப்பியை எடுத்தேன். அடியில், தலையணை உறைக்குள், அது இருந்தது. மழை நாட்களில், ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன்.

திரும்பி வந்தால், அக்கா மேசையின் இந்த முனையில், தங்கை அந்த முனையில். நடுவில் கிளைவ். அவன் முன்னால் இரண்டு தட்டு நிறைய மீன். இரண்டு பக்கமிருந்தும், "இதைச் சாப்பிடு தம்பி", "அதை விடு, இதைச் சாப்பிடு."

"சாஸ் எங்கடி?" என்றாள் லவோனியா.

"சாஸ் இல்ல. இது இருக்கு."

கிளைவ் எழுந்து நின்றுவிட்டான். சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, தட்டை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "ஒரு கீறல்கூட இல்ல" என்றான், கோயிலில் பேசுகிற குரலில்.

முள்ளை வைத்தான். டிரம்ஸ், ருஃபஸின் கிட்டார், லவோனியாவின் இளம் குரல், அதன் மேல் அர்சூலா. இருபத்து மூன்று வருஷம் கழித்து, முதல் தடவையாக, இரண்டு பேரும் தங்கள் பாட்டை முழுசாகக் கேட்டார்கள். லவோனியாவின் கை தானாகத் தாளம் போட்டது. மேசையின் மறுமுனையில் அர்சூலாவின் கையும். பிறகு அந்த இடம் வந்தது.

"என் காலு! ஐயோ, ருஃபஸ்! என் காலு! பெட்டியைத் தூக்குடா!"

தட்டு சுற்றி முடிந்து நின்றது.

கிளைவ்தான் முதலில் பேசினான். "இந்த ருஃபஸ்... எந்த சங்கீதத்துல வராரு?"

நான் ஷூவைக் கழற்றி, ஸ்டாக்கிங்கை உருவி, நகம் கோணலாக முளைத்த பெருவிரலை நாற்காலி மேல் வைத்தேன். இரண்டு முனையிலிருந்தும் வந்து பார்த்தார்கள்.

"ஷூ கடிக்குதுன்னு சொன்னியேடி!" என்றாள் அர்சூலா.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சொன்னேனே!" லவோனியா நெற்றியில் அறைந்துகொண்டாள். "ஆவியானவர் இறங்கினார், இறங்கினார்னு! இறங்கினது பெட்டியா!"

"நீ ஞாயித்துக்கிழமை சொன்னே அக்கா. நான் புதன்கிழமைதான். எனக்குப் பாதி தண்டனை."

லவோனியா தங்கையை முறைத்தாள். முறைத்தபடியே அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அடுப்பில் ஒரு வாணலி மீன் கருகியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லவோனியா கேட்டாள்: "எல்லாரும் கீறினப்போ, நீ என்ன பண்ணே?"

"ஒண்ணை மட்டும் தொடையில வெச்சுப் பாவாடையால மூடிட்டேன்."

"பாஸ்டர் சொல்லியுமா?"

"உங்க ரெண்டு பேருக்கும் நூறு பாட்டு இருக்கு. எனக்கு அது ஒண்ணுதான்."

அர்சூலா என் ஸ்டாக்கிங்கை எடுத்து உதறிக் கையில் கொடுத்தாள்.

"தட்டை நான் கேட்கலம்மா, அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான் கிளைவ். "ஒரு பிரதி எடுத்துக்கறேன். அட்டையில என்ன போட?"

"பாடினவங்க லவோனியா, அர்சூலா" என்றாள் லவோனியா. "கால், ஓசெல்லா டிம்மன்ஸ்."

மறுநாள் ஆண்டுவிழா. அக்காவும் தங்கையும் ஒரே மைக்கில் அந்தப் பாட்டையே எடுத்தார்கள். இப்போதைய போதகருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவரே கை தட்டினார். முதல் வரிசையில், கடன் வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு கிளைவ். கடைசிச் சுற்று வந்தது. இரண்டு பேரும் சட்டென்று விலகி, நடுவில் என்னை மைக்குக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள்.

நான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. டிரம்ஸ் அதே இடத்தையே திரும்பத் திரும்ப அடித்துக் காத்திருந்தது.

"கத்துடி!" என்றாள் அர்சூலா, பல்லிடுக்கில்.

"வரமாட்டேங்குது!"

லவோனியா தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். சபையை நோக்கிச் சிரித்த முகம் மாறாமல், வலது குதிகாலைத் தூக்கி, என் இடது கால் பெருவிரலில் ஓங்கி மிதித்தாள்.

சபை முழுக்க எழுந்து நின்றது.